மிச்சம் வைக்காத கை

ஆய்வகத்தில் எல்லோரும் அவரை மெல்லிசு என்றுதான் அழைத்தார்கள். கதவைத் திறந்தால் முதலில் வயிறு உள்ளே போகும், ஆள் பிறகுதான் போவார். அந்தப் பெயர் அவருக்கு உடம்பால் வரவில்லை, கையால் வந்தது. மனிதச் சதையை மூன்று மைக்ரான் தடிமனில் சீவுவது அவர் தொழில். ஒரு தலைமுடியை நெடுக்காக இருபது கூறாகப் பிளந்தால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேறு யாராவது ஐந்து மைக்ரானில் சீவிவிட்டால், "இது என்ன, செருப்புக்கு அடித்தோலா?" என்று கேட்பார்.

அறுவைக் கூடத்திலிருந்து அந்த அறைக்கு டப்பாக்களிலும் வாளிகளிலும் சதை வரும். பித்தப்பை, கருப்பை, மச்சம், மார்பு. ஃபார்மலினில் ஊறி எல்லாம் ஒரே வெந்த நிறத்தில் இருக்கும். டாக்டர்கள் அதிலிருந்து நகம் அளவுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். அதை உருக்கிய மெழுகில் புதைத்து ஒரு சின்ன வில்லையாக்குவது இன்னொரு டெக்னீஷியனின் வேலை. நாற்பது தாண்டிய, எதற்கும் முகம் சுளிக்காத அந்த அம்மாளுக்கு மெழுகு என்றே பெயர் வைத்திருந்தார்கள். வில்லைக்குப் பெயர் பிளாக். அதை எந்திரத்தில் மாட்டி மெல்லிசு சக்கரத்தைச் சுற்றுவார். கத்தி முனையிலிருந்து நாடாவாக வழிந்து வருவதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விடுவார். சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியில் அள்ளுவார். சாயம் போட்ட பிறகு அந்தக் கண்ணாடி பெரிய டாக்டரின் மேசைக்குப் போகும்.

பெரிய டாக்டர் குள்ளமான பெண்மணி. நுண்ணோக்கியில் குனிந்தால் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வார். செல்கள் வரிசை கலைந்திருக்கின்றனவா, எத்தனை செல் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது, ரத்தக் குழாய்க்குள் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று எண்ணுவார். மெதுவாகப் பரவும் நோயைச் சாது என்பார். தறிகெட்டு ஓடுவதைப் போக்கிரி என்பார். நோயாளி மூன்றாம் மாடியில் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கீழே அவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்பது ஏறத்தாழ முடிவாகியிருக்கும். தலையெழுத்தைத் தலையில் தேடக் கூடாது, கண்ணாடியில் தேட வேண்டும் என்று மெல்லிசு வீட்டில் பெருமையடித்துக்கொள்வார்.

வீடு என்றால் அக்கா வீடு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடுமுறை நாளில் சாப்பாடு அங்கேதான். அக்கா நான்கு வயது மூத்தவள். முன்னறையில் தையல் எந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் கத்தரிக்கோலைவிட வாய்தான் கூர்மை.

"டேய் தடியா, நானும் வெட்டுறேன், நீயும் வெட்டுற. நான் வெட்டினதைப் போட்டுக்கிட்டு பசங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க. நீ வெட்டினதுல யாரு எங்க போறாங்க?"

"சில பேர் வீட்டுக்குப் போறாங்க, சில பேர் மேல போறாங்க."

"அப்ப உனக்குப் பேர் டெக்னீஷியன் இல்லடா, கண்டக்டர்."

அத்தான் பேருந்து ஓட்டுபவர். இந்தப் பேச்சுக்கு அவர்தான் முதலில் சிரிப்பார்.

ஆறு வருடங்களுக்கு முன் அக்காவின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அறுத்தார்கள். வாளி கீழே வந்தது. எண் 4417. வேறு யாரையும் தொட விடாமல் மெல்லிசுவே சீவினார். கட்டி சுண்டுவிரல் நகம் அளவுதான். நோய் முழுவதும் ஒரே பிளாக்குக்குள் அடங்கிவிட்டது; மற்ற பிளாக்குகளில் கொழுப்பும் நல்ல சதையும்தான். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் நோயா என்று பார்க்க ஒரு சாயம் உண்டு. கட்டுப்படும் செல்லின் உட்கரு பழுப்பாகும். அக்காவுடையது ஒன்று விடாமல் பழுப்பாகியிருந்தது, காப்பித்தூளைக் கொட்டியது போல.

"சாது," என்றார் பெரிய டாக்டர். "மாத்திரைக்கு அடங்குற சாது. இந்த மாதிரி நூறு பேரை எடுத்தா எண்பத்தஞ்சு பேர் பத்து வருஷம் தாண்டிடுவாங்க."

மெல்லிசு அதை அப்படியே போய்ச் சொன்னார். அக்கா மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள்: "மிச்சப் பதினஞ்சு பேர் யாருன்னு கேட்டியா?"

"அதெல்லாம் யாருக்கும் தெரியாதுக்கா."

"தெரியாமலா கணக்கு போட்டிருக்காங்க?"

நூறு பேருக்குச் சொல்லத் தெரிந்த கல்வி ஒருத்திக்குச் சொல்லத் தெரியாமல் நிற்கும் இடம் அது. அங்கே நின்றதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. "நீ எண்பத்தஞ்சுல ஒருத்தி," என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததுதான் இந்தக் கதையின் முடிச்சு. அந்தச் சாயம் போடும் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓர் ஓரத்தில், நிச்சயம் பழுப்பாகும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சதைச் சீவலையும் ஒட்ட வேண்டும். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். கன்ட்ரோலில் நிறம் ஏறாவிட்டால் அன்றைய சாயமே கெட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் நோயாளியின் சதை பழுப்பாகவில்லை என்பதையும் நம்ப முடியாது. பொற்கொல்லனுக்கு உரைகல் போல. கன்ட்ரோலுக்கு, இறந்துபோனவர்களின் பிளாக்கைத்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் நோய் ஏராளமாக மிஞ்சிய பெரிய கட்டியின் பிளாக்கை. சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: "உயிரோடு இருப்பவரின் பிளாக்கில் கடைசித் துண்டைத் தொடாதே. நாளை அவருக்கே வேண்டியிருக்கும்." கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அதை எழுதச் சொன்னது மெல்லிசுவைத்தான்.

பழைய கன்ட்ரோல் திடீரென்று தீர்ந்துபோனது. ஏழெட்டுப் பெண்களின் முடிவு காத்துக்கிடந்தது. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று அக்காவின் 4417ஐ, நோய் இருந்த அந்த ஒரே பிளாக்கை, எடுத்தார்.

"இது எதுங்க, புதுசா?" என்று பெரிய டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பழைய பிளாக் ஒண்ணு மேடம்."

"தங்கம்."

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பிறகு விசாரணை வந்தபோது, கேட்கத் தோன்றவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் ஒரு மாதமானது, மாதம் வருடமானது. பாசத்தால் செய்தார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அவ்வளவு நன்றாக இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சீவியதிலேயே அழகாக நிறம் ஏறிய சதை அது, அவ்வளவுதான். நல்ல சாமான் கையில் கிடைத்தால் தொழில் தெரிந்தவனுக்குக் கை அரிக்கும். வெளியிலிருந்து தரம் பார்க்க வந்தவர்கள் அந்த ஆய்வகத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள். மற்ற மருத்துவமனைக்காரர்கள் கேட்டார்கள். மெல்லிசு சாயம் போடாத சீவல்களை நாற்பது நாற்பதாக உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோலக் கொடுத்தனுப்பினார்.

அக்காவிடமும் சொன்னார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உயிரோட இருக்கும்போதே என்னைப் பாடம் பண்ணிட்டீங்களாடா! ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் நான்தான் அளவுச் சட்டையா?" சீருடைக்கு அளவு கொடுக்க வந்த அம்மாக்களிடமெல்லாம் சொன்னாள். பிறகு ஒருநாள், வாயில் ஊசியைக் கவ்வியபடி கேட்டாள்: "அது சரி, எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"இருக்குக்கா."

"பாத்துடா. தையலுக்கு உள்ள ரெண்டு விரல் துணி விடாம வெட்டுறவன் தையக்காரனே இல்ல. உடம்பு எப்ப எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்? பிரிச்சு விடணும்னா துணி வேணும்."

"மூணு மைக்ரான்கா. நான் சீவினா தேயவே தேயாது."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அவருக்கும் தெரியும். நான்காம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, சக்கரம் சுற்றும்போது கத்தி மெழுகைத் தாண்டி அடியிலிருந்த பிளாஸ்டிக்கைக் கீறியது. பதிவேட்டில் "4417, முடிந்தது" என்று எழுதினார். வெறும் கூட்டைக் குப்பையில் போட்டார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஏழு மாதம் கழித்து அக்காவுக்கு முதுகு வலித்தது. எந்திரத்தில் குனிந்து குனிந்து வந்த வலி என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். படம் எடுத்தபோது முதுகெலும்பில் மூன்று இடத்தில் அரித்திருந்தது. சாது ஆறு வருடம் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

புற்றுநோய் டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஒரு புதிய மருந்து இருக்கிறது. கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால்தான் அது கேட்கும். ரத்தத்தில் தேடினார்கள், பிடிபடவில்லை. எலும்பில் துளைத்து எடுத்ததை மென்மையாக்க அமிலத்தில் ஊறப்போட வேண்டியிருந்தது. அந்த அமிலம் சோதனைக்கு வேண்டியதையும் சேர்த்துத் தின்றுவிட்டது. "பரவாயில்ல, ஆப்ரேஷன் பண்ணப்போ எடுத்த பிளாக் இருக்கும். அதுல பத்துச் சீவல் போதும்."

"அது நம்ம மச்சான் டிபார்ட்மென்ட்டுதான் டாக்டர்," என்றார் அத்தான், நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு மணி நேரத்துல வந்துடும்."

பிளாக்கைக் கேட்டு ஒரு சீட்டு மதியம் கீழே வந்தது. மெழுகுதான் வாங்கினாள். எண்ணைப் படித்தாள், பதிவேட்டைப் புரட்டினாள், மெல்லிசுவின் முதுகைப் பார்த்தாள். "அண்ணே," என்றாள். சீட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு மெழுகை உருக்கப் போய்விட்டாள்.

முன்பு உறை கொடுத்தனுப்பிய எல்லா ஆய்வகங்களுக்கும் மெல்லிசு அன்றே போன் செய்தார். "அதெல்லாம் எப்பவோ தீந்துடுச்சுண்ணே. என்ன சரக்குண்ணே அது! இன்னும் இருந்தா அனுப்புங்களேன்," என்றான் ஒருவன். மூன்றாவது ஆளும் அதையே கேட்டபோது போனை வைத்தார்.

பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. அக்கா எங்கும் போய்விடவில்லை. நான்கு வருடத்துக் கண்ணாடிகள் சேமிப்பு அறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவள் இருக்கிறாள். சாயம் ஏறிய சீவல்தான். சுரண்டி எடுத்துச் சேர்த்தால் ஏதாவது கிடைக்கலாம். பெரிய டாக்டரிடம் போய் நின்றார். கண்ணாடியின் மறு ஓரத்தில் இருப்பது வேறொரு நோயாளி, அது அவருடைய ஆவணம், தொடக் கூடாது. பெரிய டாக்டர் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். 4417 தீர்ந்ததைப் பற்றிய விசாரணைக் கடிதம் அவருக்கும் வந்திருந்தது.

"இறந்துபோனவங்களோட ஸ்லைடு மட்டும் எடுத்துக்குங்க. உயிரோட இருக்கிறவங்களோடதைத் தொட்டீங்கன்னா வேலை போயிடும். எனக்கும் சேர்த்து."

ஆகவே மெல்லிசு சாவுகளைத் தேட ஆரம்பித்தார். கணினியில் பெயர் பெயராகப் பார்த்தார். போன மாதம் வந்து போனார். நேற்று வந்து போனார். மாத்திரை வாங்கிப் போனார். நன்றாக இருக்கிறார். நன்றாக இருக்கிறார். அவருடைய கன்ட்ரோல் பொய் சொல்லாததால் சரியான மாத்திரை கிடைத்துப் பிழைத்த பெண்கள் அவர்கள். முந்நூறு பேரைத் தாண்டியபோது, இவர்கள் இத்தனை பேர் பிழைத்திருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. "இறப்பு" என்ற சொல் ஒரு பெயருக்கு எதிரே வந்தபோது, "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மெழுகு திரும்பிப் பார்த்தாள். அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

முப்பத்தொரு சாவு கிடைத்தது. சிறு கத்தியால் பழுப்புப் புள்ளிகளைச் சுரண்டி ஒரு குப்பியில் சேர்த்தார். மிளகில் பாதி அளவுகூட வரவில்லை. அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வந்த தாளில் ஒரே வரி: சிதைந்த மாதிரி, முடிவு சொல்ல இயலாது.

அக்காவிடம், "பழைய பிளாக் கெட்டுப்போச்சுக்கா," என்றார். அவள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு எந்திரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"உரைகல்லு எப்படிடா கெடும்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"ஒரு விரல் கூடவா விடல?"

"இல்லக்கா."

அவள் அந்தத் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க அத்தான்கிட்ட சொல்லாத. உன்னை அடிக்க மாட்டார், உக்காந்து அழுவார். எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல." பிறகு, "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி நீ. பானையில விழுந்தது நானு," என்றாள். "எந்திரிச்சுப் போ."

போனார். ஆனால் அடுத்த விடுமுறையில் மறுபடி வந்தார். அதற்கடுத்த விடுமுறையிலும். அவள் துரத்தவில்லை; சாப்பாடும் போட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், டாக்டர் தோரணையில், காதுக்குக் கீழே, தோள் எலும்புக்கு மேலே. அவர் அக்கறையாக இருப்பதாக அத்தான் நினைத்தார். அவர் தேடியது கட்டியை. எலும்பில் மட்டும் இருக்கும் நோய் அவருக்குப் பிரயோசனமில்லை. ஊசி எட்டும் இடத்துக்கு அது பரவ வேண்டும். பரவினால் புதிய சதை கிடைக்கும், சோதனை நடக்கும், மருந்து கிடைக்கும். இப்படி ஒரு ஆசையை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் அக்கா வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொள்ள முடியுமா? அவர் ஊற்றிக்கொண்டார்.

நான்காம் மாதம் விரலுக்கடியில் ஒன்று உருண்டது. பட்டாணி அளவு, கெட்டியாக. மறுபடி தடவினார். இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

எதிர்ச் சுவரில் அக்கா துணி போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடி இருந்தது. அவள் அதில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, பல்லைக் காட்டுற?"

"ஒண்ணுமில்லக்கா. ஊசி போட்டு எடுத்துடலாம். கைக்கு எட்டுற இடம்."

"சந்தோஷமா இருக்கா?"

அவர் கையை எடுத்தார். அவள் தானே விரலை வைத்துத் தேடி, அந்த உருண்டையைக் கண்டுபிடித்து, வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஊசிச் சோதனைக்கு முன் நோயாளி ஒரு சம்மதத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் சதையோடு சேர்ந்தே கீழே வரும். வந்தது. நூல் போல இரண்டு துணுக்கு, ஒரு சிறு குப்பியில். தாளின் அடியில், கையெழுத்துக்குக் கீழே, துணியில் சுண்ணக்கட்டியால் குறி போடும் அதே சாய்ந்த எழுத்தில் அக்கா ஒரு வரி சேர்த்திருந்தாள்: "இதை என் தம்பி வெட்டக் கூடாது."

குப்பியைக் கொண்டுவந்த ஆள் படித்திருந்தான். மெழுகு படித்தாள். பெரிய டாக்டர் படித்துவிட்டு, "மெழுகு, நீயே பண்ணு," என்றார்.

மெழுகு எந்திரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சீவ வரும். ஆனால் அவள் கை அடித்தோல் கை. பிளாக்கின் முகத்தைச் சமப்படுத்த முதல் சில சுற்றுகளை வீணாக்கித்தான் ஆக வேண்டும். மெல்லிசு நான்கு சுற்றில் முடிப்பார். அவள் ஒன்பது, பத்து, பதினொன்று என்று சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளைத் தூளாக ஏதோ உதிர்ந்தது. பின்னால் நின்ற மெல்லிசு ஓரடி முன்னால் வந்தார்.

"போதும்மா... மெல்லிசா..."

"அண்ணே, தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

தள்ளி நின்றார்.

சதை போதுமானதாக இருந்தது. மரபணுவில் அந்த மாற்றமும் இருந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். எலும்பில் மட்டும் இருந்தபோதே ஆரம்பித்திருந்தால் என்று புற்றுநோய் டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஈரலிலும் போயிருந்தது. மருந்து ஐந்து மாதம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒன்பதாம் மாதம் அக்கா இறந்தாள். கடைசி வாரம் வரை மெல்லிசுவிடம் பேசினாள். அந்த பிளாக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும், "அந்தக் கத்தரிக்கோலை எடு," என்றாள்.

விசாரணை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. மூன்று மைக்ரானில் சீவ வேறு ஆள் இல்லை. மெல்லிசு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதே விதி அதே கையெழுத்தில் சுவரில் இருந்தது.

அக்கா போய் மூன்று மாதம் ஆகியிருக்கும். கன்ட்ரோல் சரியில்லை என்று வெளியிலிருந்து கடிதம் வந்தது. நிறம் மங்குகிறது, இப்படியே போனால் சோதனையையே நிறுத்த வேண்டியிருக்கும். பெரிய டாக்டர் பெட்டிகளைத் தேடச் சொன்னார். மறுநாள் காலை அவரே ஒரு பிளாக்கைக் கொண்டுவந்து மெல்லிசுவின் மேசையில் வைத்தார். அக்காவின் கழுத்துக் கட்டியின் பிளாக். மெழுகின் கையால் சீவியது போக, பாதி மிச்சம் இருந்தது. அதை மூடியிருந்த தாளில் "வெட்டக் கூடாது" என்று மெல்லிசுவே எழுதி ஒட்டியிருந்தார்.

"இதுல நல்லா ஏறுது," என்றார் பெரிய டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல். "நேத்து போட்டுப் பார்த்தேன். இப்ப ரூல் இடிக்காது."

அவர் சொன்னது சரிதான். விதிப்படி இப்போது எடுக்கலாம்.

பெரிய டாக்டர் போன பிறகு மெல்லிசு பிளாக்கைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மெழுகுக்குள் அந்த இரண்டு நூலும் தெரிந்தன. அக்காவின் கோப்பில் அந்தச் சம்மதத் தாள் இன்னும் இருந்தது. அந்த வரி இறந்த பிறகும் செல்லுமா என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அவர் பிளாக்கை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"நீ வெட்டும்மா."

மெழுகு வாங்கி எந்திரத்தில் மாட்டினாள். திருகை இறுக்கினாள். "எவ்வளவுண்ணே?"

"மூணு."

சக்கரத்தில் கை வைத்தவள் ஒரு கணம் நிறுத்தித் திரும்பினாள்.

"கொஞ்சம் மிச்சம் விடணுமாண்ணே?"

"யாருக்கு?" என்றார் மெல்லிசு.